சம்பளம் வாங்காத ஆசிரியர்

கலாசாலை உத்தியோகத்தில் அமர்ந்தோர் மாதந்தோறும் சம்பளப் புத்தகத்தில் தம் பெயருக்கெதிரே கையெழுத்திட்டுப் பணம் பெறுதல் உலக வழக்கம். கல்கத்தா இராஜதானிக் கலாசாலையிலோ, 1885-ஆம் ஆண்டு தொடங்கி மூன்றாண்டுகள், ஓர் இளம் ஆசிரியர் தமக்கென்று வந்த சம்பளத்தைத் தொடாமலே தம் வேலையைச் செய்துவந்தார். அவர் செல்வந்தருமல்லர், துறவியுமல்லர். வீட்டிலே தந்தையார் பட்ட கடன் மலைபோல் நின்றது. அவ்வாசிரியரே பிற்காலத்தில் உலகெங்கும் பேர்பெற்ற ஸர் ஜகதீச சந்திர போஸ் என்பார். அவருடைய விஞ்ஞானப் பெருமையைப் பேசுவார் பலருளர். நாம் இங்கே எழுதப் புகுந்தது பெரும்பாலும் அம்மூன்றாண்டுகளைப் பற்றியே.

வங்காளிகள் வசு என்று வழங்கும் குலப்பெயரே ஆங்கிலேயர் வாயிற் புகுந்து போஸ் ஆயிற்று. ஜகதீசர் 1858-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் தேதி, இன்று வங்காளதேசத்தைச் சேர்ந்த மைமன்சிங்கில் பிறந்தார். முன்னோர் ஊர் டாக்காவை அடுத்த விக்கிரமபுரி நாட்டு ராரிகால் கிராமம். தந்தையார் பகவான் சந்திரர் பிரம்ம சமாஜத்தைச் சார்ந்தவர். பரீத்பூரில் டிப்டி மாஜிஸ்திரேட்டாக இருந்தவர். அக்காலத்து உத்தியோகஸ்தர்கள் தம் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்புவதையே கௌரவமாக எண்ணினர். அந்தஸ்திற் குறைந்தோருங்கூட அவ்வாறே செய்தனர். பகவான் சந்திரரோ தம் மகனைத் தாய்மொழிப் பள்ளிக்கூடத்தில் விட்டார். அங்கே பையனுக்கு ஒருபுறம் தந்தையின் முகம்மதிய ஏவலாளன் மகன். மறுபுறம் ஒரு செம்படவன் மகன். பள்ளிவிட்டு மூவரும் ஒன்றாய் வீடு திரும்பினால், தாயார் மூவருக்கும் வேற்றுமையின்றி உணவிடுவார். அவ்வம்மையார் பழைய ஆசாரங்களிற் பற்றுடையவரே. ஆயினும் பசித்துவந்த குழந்தைகளிடத்தே சாதி பார்த்தாரில்லை. மனிதருள் மேல் கீழ் என்பதொன்று உண்டென்றே தாம் அப்பருவத்தில் அறியவில்லை என்று போஸ் முதுமையில் நினைவு கூர்ந்ததுண்டு.

இன்னொரு செய்தியும் சொல்லத்தக்கது. பகவான் சந்திரர் ஒரு கொள்ளைக்காரனைப் பிடித்துச் சிறைக்கு அனுப்பியிருந்தார். தண்டனை முடிந்து வெளிவந்தவன், தனக்கு வேலை கொடுப்பார் ஒருவருமில்லை என்று தன்னைத் தண்டித்தவர் வாயிலிலேயே வந்து நின்றான். அவர் அவனைத் தம் மகனைப் பள்ளிக்குத் தூக்கிச் செல்லும் வேலையில் அமர்த்திக்கொண்டார். நம் காலத்து நீதிபதிகளுள் எத்தனைபேர் இதற்குத் துணிவர் என்பதை வாசகரே கருதிக்கொள்க. அம்முரடன் தோளின்மேல் அமர்ந்து, அவன் பழைய கொள்ளைக் கதைகளைக் கேட்டுக்கொண்டே சிறுவன் பள்ளி சென்றான். ஒருவன் எங்கே பிறந்தான், முன்பு எத்தொழில் செய்தான் என்பதைக்கொண்டு அவனுக்கு வேலை மறுத்தலாகாது என்னும் பாடம் பரீத்பூர் வீட்டில் வாயாற் சொல்லப்படாமலே கற்பிக்கப்பட்டது.

பின்னர்க் கல்கத்தாவிற்கு வந்து, ஸெயிண்டு ஸேவியர் பள்ளியிலும் அதன் கலாசாலையிலும் பயின்றார். பிள்ளைகளுட் பலர் ஆங்கிலேயரும் யூரேஷியருமாயிருந்தனர். கிராமத்திலிருந்து வந்த வங்காளிச் சிறுவனைச் சீண்டுதல் அவர்க்கு விளையாட்டாயிருந்தது. குத்துச்சண்டை அறிந்த ஒருவனோடு, அக்கலையே அறியாத ஜகதீசர் அடிபட்டும் பின்வாங்காது பொருது வென்றபின் அச்சீண்டல் அடங்கிற்று. அக்கலாசாலையில் லபான் பாதிரியார் என்னும் பெல்ஜிய நாட்டு இயேசு சபைக் குரவர், பௌதிக சாஸ்திரத்தைக் கருவிகளைக்கொண்டு கண்முன்னே நடத்திக் காட்டுவதிற் புகழ்பெற்றவர். போஸ் பின்னாளில் ஆசிரியராய் வென்றதற்கு வித்திட்டவர் இவரே. நம்முடையது போன்ற மிஷன் கலாசாலைகளில் இங்ஙனம் ஓர் ஆசிரியர் ஒரு மாணவனை ஆக்கிவிடுதல் அருமையன்று. என்றாலும் சொல்லும்போது மகிழ்ச்சி தருவது.

பட்டம் பெற்ற ஜகதீசர் சீமைக்குச் சென்று சிவில் சர்வீஸ் பரீட்சைக்கு உட்கார விரும்பினார். தந்தை இசையவில்லை. தாமே அதிகாரத்திலிருந்து அதன் சுவையறிந்தவராதலின், மகன் பிறரை ஆளாமல் தன்னை ஆளும் கல்விமானாக வேண்டும் என்று கருதினார். ஆகவே 1880-இல் வைத்தியம் கற்க இலண்டன் சென்றார் ஜகதீசர். முன்னமே அவரைப் பற்றியிருந்த காய்ச்சல் விடாது வருத்தியமையால் ஓராண்டில் வைத்தியத்தைக் கைவிட்டுக் கேம்பிரிட்ஜ் கிறைஸ்ட் கலாசாலையிற் சேர்ந்து இயற்கை விஞ்ஞானம் பயின்றார். ரேலி பிரபு பௌதிகத்திலும், வைன்ஸ் என்பார் தாவர நூலிலும் ஆசிரியராயினர். 1884-இல் கேம்பிரிட்ஜ் பட்டத்தோடு இலண்டன் சர்வகலாசாலையின் விஞ்ஞானப் பட்டமும் பெற்றார்.

தாய்நாடு திரும்பும்போது அவர் கையில் ஒரு கடிதம் இருந்தது. பொருளாதார நூல் வல்லவரும், கண்பார்வை இழந்தும் பார்லிமெண்டில் இந்தியாவிற்காகப் பரிந்து பேசியவருமான பாஸெட் என்பார், இராஜப்பிரதிநிதி ரிப்பன் பிரபுவிற்கு எழுதியது அது. போஸின் தமக்கை கணவரும், கேம்பிரிட்ஜில் ராங்கிளர் ஆன முதல் இந்தியருமான ஆனந்த மோகன போஸ் வழியாக வாய்த்த அறிமுகம். ரிப்பன் பிரபு அவரை அன்போடு வரவேற்று, கல்வி இலாகாவில் உத்தியோகம் தருமாறு வங்காளக் கல்வித் தலைவர் ஸர் ஆல்பிரட் கிராப்டிற்குச் சொல்லியனுப்பினார். மேலிடத்திலிருந்து வந்த இச்சிபாரிசு கிராப்டிற்குக் கசந்தது. உயர்தர உத்தியோகத்தில் இடமில்லை, வேண்டுமாயின் மாகாணத்துக் கீழ்ப்படி உத்தியோகத்தில் அமரலாம் என்றார். போஸ் அதனை ஏற்க மறுத்துவிட்டார். அரசாங்க கெஜட்டில் அவர் பெயரைக் காணாத ரிப்பன் பிரபு மீண்டும் வினவவே, வேறு வழியின்றி இராஜதானிக் கலாசாலையில் பௌதிக ஆசிரியராகத் தற்காலிக நியமனம் கிடைத்தது. தகுதி ஒன்றே அக்கதவைத் திறந்தது என்று எழுதுவோமாயின் அது மெய்யாகாது. கடிதமும் பிரபுவின் செவியும் இல்லாதிருப்பின் அவ்வாண்டில் அக்கதவு திறந்திராது. இதனை மறைத்துச் சரித்திரம் எழுதுதல் அவருக்கும் பெருமையன்று, கடிதம் வாய்க்காத மற்றைய இளைஞர்க்கும் நீதியன்று.

நியமனத்தைக் கலாசாலைத் தலைவர் டானி என்பாரும் எதிர்த்தார். இந்தியர் தத்துவமும் இலக்கியமும் பேசவல்லவர், அளவும் நுட்பமும் வேண்டும் விஞ்ஞானத்தைக் கற்பிக்கும் மனப்பான்மை அவர்க்கில்லை என்பது அக்காலத்து அதிகாரிகள் பலரது துணிபு. டானி துரை வடமொழியிற் பெரும்புலமை வாய்ந்தவர்; கதாசரித்சாகரம் என்னும் பெருநூலை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர். ஒரு நாட்டின் பழங்கதைகளைப் போற்றி ஆராய்ந்த அறிஞரே, அந்நாட்டு இளைஞனொருவன் மின்சாரக் கருவியைக் கையாளவல்லவன் என்பதை நம்ப மறுத்தார். கல்வி மிகுந்தவிடத்தும் இவ்வாறான பேதபுத்தி குடியிருக்கக்கூடும் என்பதை இங்கே காண்கிறோம். வெறுப்பினாற் பேசுவோனை அடையாளங் காண்பது எளிது. பண்புடையவராய், நூலறிந்தவராய், நல்லெண்ணத்தோடேயே இழிவாய் எண்ணுபவரிடம் என் சொல்வது?

இனி, சம்பளத்தைப் பார்ப்போம். ஒரே கலாசாலையில், ஒரே பாடத்தைக் கற்பித்தாலும், ஐரோப்பியருக்கு முழுச் சம்பளம், இந்தியருக்கு அதில் மூன்றில் இரண்டு பங்கு என்பது விதி. இந்தியர் குறைந்த செலவில் வாழ்பவர் என்று அதற்குக் காரணமும் கற்பித்தனர். போஸின் நியமனமோ தற்காலிகம். அதனால் அம்மூன்றில் இரண்டு பங்கும் பாதியாக்கப்பட்டது. ஆகவே பக்கத்து அறையிற் பாடஞ்சொல்லும் ஐரோப்பியர் பெற்றதில் மூன்றில் ஒரு பங்கே அவருக்கு வந்தது.

இந்நிலையில் மனிதர் செய்யக்கூடியவை பல. கிடைத்ததைப் பெற்றுக்கொண்டு உள்ளுக்குள் வெதும்பலாம். பெரும்பாலோர் செய்வது அதுவே, அவரைப் பழிப்பதற்கு நாம் யார்? கோபித்து உத்தியோகத்தை விட்டுப் போகலாம். கூலிக்குத் தக்க வேலை என்று பாடத்தை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்துக்கொள்ளவுஞ் செய்யலாம். போஸ் இவற்றுள் எதனையும் கொள்ளவில்லை. விதி அநீதி என்று எழுத்தில் முறையிட்டார். அதன்பின் சம்பளத்தைப் பெற மறுத்து, வேலையை மட்டும் குறைவறச் செய்துவந்தார். அவர் வகுப்பில் மாணவர் நெருங்கி அமர்ந்தனர். லபான் பாதிரியாரிடம் கற்றவாறே ஒவ்வொரு கொள்கையையும் பரிசோதனையாற் கண்ணுக்குக் காட்டிக் கற்பித்தார். அதிகாரிகள் வாதித்தது யாது? இந்தியனால் விஞ்ஞானங் கற்பிக்க இயலாது என்பதன்றோ. அவ்வாதத்திற்கு அவ்வகுப்பறையே நாடோறும் மறுமொழி கூறிற்று. அவர் வேலையை விட்டுப் போயிருந்தால் அவ்வாதம் எதிர்ப்பின்றி நிலைத்திருக்கும். அரைகுறையாய்ச் செய்திருந்தாலோ அவ்வாதம் மெய்யென்றே எழுதிவைத்திருப்பர்.

இதனை எழுதுவது எளிது. வீட்டு நிலைமையையும் நோக்குதல் வேண்டும். பகவான் சந்திரர் தேயிலைத் தோட்டத்திலும் நெசவுத்தொழிலிலும் முதலிட்டுப் பெரும் நட்டமடைந்திருந்தார். தம் வயிறு வளர்க்க அன்று, நாட்டிற் புதுத்தொழில்கள் வளரவேண்டும் என்றே முதலிட்டவர். எவ்வாறாயினும் கடன் கடன்தானே! கடன்காரர் வாயிலில் நிற்க, மகன் மாதந்தோறும் வரும் பணத்தைத் திருப்பி அனுப்பினார். பூர்வீக நிலங்களை விற்றுக் கடனிற் பாதியை அடைத்தார். தாயார் தம் உடைமையையும் அதற்கே கொடுத்தார். அப்படியும் மிச்சம் நின்றது. இடையே 1887-இல் திருமணமும் நடந்தது.

மணமகள் அபலா தாஸ் அம்மையாரைக் குறித்து நம் மாகாணத்தார் ஒன்றறிய வேண்டும். அவருக்கு வைத்தியம் கற்க விருப்பம். கல்கத்தா வைத்தியக் கலாசாலை அந்நாளிற் பெண்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. ஆகவே 1882-இல் வங்காள அரசாங்கத்தின் உபகாரச் சம்பளம் பெற்றுச் சென்னைக்கு வந்து, இங்குள்ள வைத்தியக் கலாசாலையிற் பயின்றார். உடல்நலக் குறைவால் முடிக்காமலே திரும்ப நேர்ந்தது. கதவடைக்கப்படுவதன் வருத்தத்தைத் தாமே அறிந்த பெண்மணி அவர். கணவர் வெறுங்கையோடு வீடு திரும்பிய மாதங்களில் அவர் முகஞ் சுளித்ததாக எவருஞ் சொல்லவில்லை. கல்கத்தாவிற் குடிக்கூலி தாங்காமல் இருவரும் ஆற்றின் அக்கரையிலுள்ள சந்திரநாகூரில் வீடெடுத்தனர். கணவர் நாடோறும் சிறுபடகில் ஹூக்ளி ஆற்றைக் கடந்து இரயிலேறிக் கலாசாலை செல்வார். படகைத் துடுப்பிட்டுத் திரும்பக் கொண்டுசெல்பவர் அம்மையார். இதை நினைக்குந்தோறும், மூன்றாண்டு முறையீட்டில் கையொப்பமிட்டவர் ஒருவரானாலும் அதனைச் சுமந்தவர் இருவர் என்றே நமக்குத் தோன்றுகிறது.

மூன்றாம் ஆண்டின் இறுதியில் அதிகாரிகள் இணங்கினர். போஸின் நியமனம் நிரந்தரமாக்கப்பட்டது. அதுவும் அன்றுமுதலன்று, முதல் நாளிலிருந்தே நிரந்தரமென்று கணக்கிடப்பட்டு, மூன்றாண்டுகளின் முழுச் சம்பளமும் ஒரே தொகையாய் அளிக்கப்பட்டது. அத்தொகை தந்தையின் கடனுக்கே சென்றது. மிச்சத்தையும் நாளடைவில் தீர்த்தார். கடனற்றவராய்ச் சிலகாலம் வாழ்ந்தபின்னரே பெற்றோர் கண்மூடினர். கிராப்டும் டானியும் பின்னர் அவருக்கு நண்பராயினர் என்பதையும் சொல்லவேண்டும். தவறுணர்ந்து மாறும் ஆண்மை அவர்க்கு இருந்தது.

இங்கே கதையை முடித்துக் கைதட்டிவிடலாம். முடிப்பது சரியன்று. போஸுக்குச் சம்பளம் வந்தது, விதி மாறவில்லை. 1888-இல் எடின்பரோவில் இரசாயனத்திற் பண்டிதப் பட்டம் பெற்று மீண்ட பிரபுல்ல சந்திர ராயர், உத்தியோகம் கிடைக்காமல் போஸ் வீட்டிலேயே தங்கிக் காத்திருந்தார். 1889-இல் அதே கலாசாலையில் அவருக்குக் கிடைத்தது மாதம் 250 ரூபாய்க்கு உதவியாசிரியர் பதவி. அவரும் கிராப்டிடம் நேரிற் சென்று முறையிட்டார். உலகில் வேறு தொழில்களும் உண்டு, இவ்வேலையை ஏற்கும்படி ஒருவரும் கட்டாயப்படுத்தவில்லை என்னும் பொருள்படக் கிடைத்தது மறுமொழி. ராயர் அப்பதவியை ஏற்றார். இந்திய இரசாயனத்திற்கே தந்தையென்று போற்றப்படும் அப்பெரியார் பல்லாண்டுகள் கீழ்ப்படியிலேயே உழைத்தார். வேறு தொழில் உண்டு என்ற அச்சொல்லை அவர் மறக்கவில்லை போலும். வங்காள இரசாயனத் தொழிற்சாலையை நிறுவி இளைஞர் பலர்க்கு வேறு தொழிலை உண்டாக்கியே காட்டினார். ஒருவர் வென்றதனால் அடுத்தவர்க்கு வழி தானாகத் திறந்துவிடுவதில்லை என்பதற்கு இவ்விரு நண்பர் வாழ்க்கையே சான்று. போஸின் செயலில் நாம் குறைகாணவில்லை. ஒருவரது பொறுமையைக் கண்டு அவருக்கு மட்டும் நீதி வழங்கிவிட்டு, புத்தகத்திலுள்ள விதியை அப்படியே விட்டுவைக்கும் அலுவலகங்களை எண்ணியே இதனை எழுதினோம்.

போஸின் ஆராய்ச்சிகளை இங்கே விரிக்கப்போவதில்லை. வாரத்திற்கு 26 மணி நேரம் கற்பித்தபின், ஒரு சிறிய மூலை அறையில், தகரவேலை செய்யும் ஒருவனைப் பழக்கித் துணையாகக்கொண்டு, பெரும்பாலும் சொந்தச் செலவிலேயே கருவிகளைச் செய்தார். தமது 36-ஆம் பிறந்த நாளாகிய 1894 நவம்பர் 30-ஆம் தேதியில் ஆராய்ச்சிக்கே தம்மை ஒப்புவித்தார் என்பர். மறு ஆண்டிலேயே கல்கத்தா நகர மண்டபத்தில், கம்பியின்றிச் சென்ற மின்னலைகள் சுவர்களையும் குறுக்கே நின்ற லெப்டினெண்டு கவர்னர் உடலையும் ஊடுருவி, தூரத்திலிருந்த மணியை அடித்து வெடிமருந்தை வெடிக்கச் செய்தன. அவர் உண்டாக்கிய சில மில்லிமீட்டர் நீளமுள்ள அலைகளைப் பொறியாளர் இன்று செய்தித் தொடர்பிற் பெரிதும் பயன்படுத்துகின்றனர். 1896-இல் இலண்டன் சர்வகலாசாலை அவருக்கு விஞ்ஞான பண்டிதர் பட்டம் அளித்தது.

விஞ்ஞானச் சபைகளிலும் பழைய கதை வேறுருவில் வந்தது. 1901-இல் இலண்டன் ராயல் சபையில், செடிகளும் உயிர்ப்பிராணிகளைப்போலவே தூண்டுதலுக்கு மின்சார மறுமொழி தருகின்றன என்று காட்டினார். உடற்கூற்று நூலிற் பெரும்பெயர் பெற்ற பர்டன் ஸாண்டர்ஸன் என்பார், பௌதிக ஆசிரியர் தம் எல்லையைக் கடந்துவிட்டார் என்று கருதி, கட்டுரையிலுள்ள சில சொற்களை மாற்றும்படி கூறினார். போஸ் மாற்ற மறுத்தார். கட்டுரை அச்சேறாமற் பெட்டியுள் வைக்கப்பட்டது. கேம்பிரிட்ஜில் அவருக்கு ஆசிரியராயிருந்த வைன்ஸ் முதலியோர் லினேயஸ் பெயரால் விளங்கும் சபையின் வாயிலாக அவர் ஆராய்ச்சி வெளிவரத் துணைசெய்தனர். இதனை முற்றும் நிறவேற்றுமை என்று நாம் சொல்லத் துணியோம். துறைக்குத் துறை வேலியிட்டுக்கொள்ளும் குணம் ஐரோப்பியர் தமக்குள்ளும் உண்டு. செடிகளைப் பற்றி அவர் கொண்ட முடிபுகள் அனைத்தும் பின்வந்தோரால் ஒப்பப்படவுமில்லை. என்றாலும் செடிகளுள் மின்சாரக் குறிகள் ஓடுகின்றன என்னும் அடிப்படை இன்று ஐயமின்றி நிலைபெற்றுள்ளது. இங்கே நாம் கவனிக்க வேண்டுவது வேறு: சம்பளத்தில் எவ்வாறு நின்றாரோ, சொல்லிலும் அவ்வாறே நின்றார்.

1915-இல் இராஜதானிக் கலாசாலையிலிருந்து ஓய்வு பெற்றார். 1917-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் தேதி, தம் பிறந்த நாளிலேயே, வாழ்நாளெல்லாம் சேர்த்த பொருளையும் அன்பர் அளித்த நன்கொடைகளையுங் கொண்டு கல்கத்தாவில் போஸ் விஞ்ஞான மந்திரத்தைத் திறந்தார். மூலை அறையில் தாம் பட்ட இடர் தமக்குப்பின் வரும் இளைஞர்க்கு வேண்டாம் என்பது அவர் கருத்து. அவ்வாண்டிலேயே ஸர் பட்டம் கிடைத்தது. 1920-இல், முன்பு கட்டுரையைப் பெட்டியிலிட்ட அதே ராயல் சபை அவரைத் தன் அங்கத்தினராக ஏற்றது. அபலா அம்மையார் 1919-இல் மாதர் கல்விக்கென்று ஒரு சங்கம் நிறுவி, கிராமத்துப் பெண்களுக்கும் கைம்பெண்களுக்கும் கல்வியும் தொழிலும் அளிக்கலானார். சென்னையில் முடிக்காது விட்ட படிப்பை அவர் இவ்வாறு ஈடுசெய்தார் எனலாம்.

1937-ஆம் ஆண்டு நவம்பர் 23-ஆம் தேதி, கிரிதி என்னும் ஊரில், எழுபத்தொன்பதாம் பிறந்த நாளுக்கு ஒருவாரம் இருக்கையில், போஸ் காலமானார்.